அப்பா ஒட்டிய பிரிட்ஜ்

எனக்கு கிட்டார் சுமாராகத்தான் வாசிக்க வரும். ஆனால் கிட்டாரைப் பற்றி நிறையத் தெரியும். இந்த இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது. ஆறு வருடமாக என்னிடம் ஒரு கிட்டார் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தடுமாறாமல் எத்தனை பாட்டு வாசிப்பாய் என்று கேட்டால் நான்கு என்பேன். எந்தத் தந்தி போடலாம் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன்.

தந்தியில் தடிமன் இருக்கிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடத் தந்தி தடிக்கும், விரல் வலிக்கும், கிட்டாரை இழுக்கிற இழுவை ஏறும், சத்தம் கனமாக வரும். தந்தியை மீட்டுகிற பிக்கிலும் தடிமன் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் வாங்கிய ஜாமெட்ரி பாக்ஸ் நிறைய பிக்குகள் வைத்திருக்கிறேன். கிட்டாரின் தலையில் கவ்வுகிற மாதிரி மாட்டிச் சுருதி பார்க்கும் ட்யூனர் இரண்டு. முதலாவது நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டாவதன் திரை கலராக இருந்ததால் வாங்கினேன். என் கிட்டாரில் ஒயர் சொருகவே இடம் கிடையாது, அப்படியும் எலக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற ஒரு டிஸ்டார்ஷன் பெடல் இருக்கிறது. சிவப்பு இரும்புப் பெட்டி, காலால் மிதிக்கிற பட்டன். மிதித்தால் டொக் என்று ஒரு சத்தம் வரும். சில சாயங்காலங்களில் அந்தச் சத்தத்துக்காகவே சும்மா மிதிப்பேன்.

பார்சலை எல்லாம் கம்பெனி கேட்டுக்கு வரும்படிதான் போடுவேன். செக்யூரிட்டி அண்ணன் ஒவ்வொரு தடவையும் பார்சலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்.

"இன்னா தம்பி, இன்னிக்கு இன்னா?"

"தந்திண்ணா."

"தந்தி ஆபீஸையே மூடிட்டாங்களேப்பா. உனக்கு மட்டும் எப்படி வந்துக்கினே இருக்குது?"

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து கிட்டார் ஆட்கள் பதினைந்து பேர் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம். யாராவது புதிதாக எதையாவது வாங்கிப் படம் போட்டால் மற்றவர்கள் நெருப்புப் பொம்மை அனுப்புவார்கள். வாசித்து யாரும் போட மாட்டார்கள். போட்டால் என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியாது.

நான் வேலை பார்ப்பது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில். டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்கு லீவு, யாருக்கு ஓவர்டைம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அதே கம்பெனியில் அப்பா இருபத்திரண்டு வருடம் ஷூவுக்குச் சோல் ஒட்டினார். மாதனூர் தாண்டி எங்கள் ஊர் நிறுத்தத்தில் காலையில் கம்பெனி பஸ் வரும். இருவரும் ஒன்றாக ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்து போவோம். இறங்கியதும் அவர் இடது பக்கம் ஒட்டுகிற லைனுக்குப் போவார், நான் வலது பக்கம் ஏசி ரூமுக்குப் போவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, காலேஜும் போன முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கரண்ட் ஆபீஸ் சீட்டு, மாத்திரை அட்டை, சபையிலிருந்து வருகிற கல்யாணப் பத்திரிகை, எல்லாம். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் படித்துச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்.

போன வருடம் வெளிநாட்டு ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு சனிக்கிழமை நின்றது, திரும்ப வந்தது, திரும்ப நின்றது. ஒரு வியாழக்கிழமை எனக்கு ஒரு மெயில் வந்தது. ஒரு லைனை மூடுகிறார்கள், திங்கட்கிழமை சொல்லி அனுப்பப் போகிறார்கள், அதற்குள் இவர்களுடைய வருகைக் கணக்கை முடித்து வைக்கவும் என்று இருந்தது. கூடவே அந்த ஆட்களின் டோக்கன் நம்பர் பட்டியல். அப்பாவின் நம்பர் எனக்கு மனப்பாடம். மூன்றாம் வகுப்பிலிருந்து தெரியும், கம்பெனியில் கொடுத்த என் டிபன் பாக்ஸில் அதைத்தான் பொறித்திருந்தார்கள். பட்டியலின் நடுவில் அது இருந்தது.

நான் அதைப் பார்த்தேன். பிறகு மற்ற நம்பர்களோடு சேர்த்து அதையும் ஏற்றினேன். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போகாமல் போனை எடுத்து ஒரு செட் தந்தி ஆர்டர் போட்டேன். பதின்மூன்று. அதுவரை நான் பதினொன்றுக்கு மேல் போட்டதில்லை. பெரிய வருத்தம் எதுவும் வந்த ஞாபகம் இல்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி அந்த நம்பரை இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. வெள்ளி, சனி என்று போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸில் முன்னால் டிரைவர் பக்கத்தில், இன்ஜினை ஒட்டிய சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் வெக்கையாக இருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் லைனில் இருந்தவர்களை ஐந்து ஐந்து பேராகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் மடியில் வைத்தார்.

"சொல்லிட்டாங்க. இருந்தாலும் படி. வேற எதுனா எழுதிக்கிறாங்களான்னு பாரு."

முதல் தடவை படிக்கிற மாதிரி படித்தேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். ஒரு இடத்தில் நிறுத்தி, வார்த்தைக்கு அர்த்தம் யோசிக்கிற மாதிரிகூடச் செய்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வேற ஒண்ணும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அப்பா இருந்தார். அவரைப் பகலில் வீட்டில் பார்த்துப் பழக்கம் இல்லாததால் அம்மாவுக்கு முதல் வாரம் நடக்கவே இடைஞ்சலாக இருந்தது. அம்மா ஷூவின் மேல்பாகத்துக்குக் கைத்தையல் போடுகிறவள். கான்டிராக்டர் மூட்டையாகக் கொண்டு வந்து போடுவார், வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைப்பாள். அப்பா அவளுக்கு எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டு எழுந்து போய் எதையாவது ஒட்டுவார்.

எங்கள் பக்கத்தில் சோல் ஒட்டுகிற பசையைச் சொல்யூஷன் என்போம். எந்த வீட்டிலும் ஒரு டப்பாவாவது இருக்கும். அப்பா இரண்டு டப்பா வைத்திருந்தார். முதலில் எங்கள் செருப்புகள். அப்புறம் வாளியின் விரிசல், மிக்ஸியின் கால் ரப்பர், ஏசு படத்தின் சட்டம், குடை, என் ஆபீஸ் பையின் வார். பக்கத்து வீட்டில் பிரஷர் குக்கரின் கைப்பிடியைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். அதையும் ஒட்டினார். அது அடுப்பில் வைத்த அன்றைக்கே கழன்றுவிட்டதாம், அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. "என் டேபிள்ல ஒட்டின ஜோடி ஒண்ணுகூட வாய் பொளந்து திரும்பி வந்ததில்ல" என்பார். வேலை போன பிறகு இதை அதிகமாகச் சொன்னார். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னார், முடி வெட்டுகிற இடத்தில் சொன்னார். இந்த ஒரு வார்த்தைதான் அவர் கையில் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

தந்தி வந்தது. பதின்மூன்றை மாட்டினேன். குரூப்பில் படம் போட்டேன், நெருப்பு வந்தது. சத்தம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, பெரிய ரூமில் வாசிக்கிற மாதிரி. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. அது மே மாதம். கிட்டார் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது வாரம் தொடங்குகிறபோது தந்திகள் பலகையிலிருந்து உயர்ந்து நின்றன. பிரிட்ஜைப் பார்த்தேன். கிட்டாரின் வயிற்றில், தந்திகளின் அடிமுனையைப் பிடித்து வைத்திருக்கிற மரக்கட்டைக்குப் பெயர் பிரிட்ஜ். அதன் பின்விளிம்பு கிளம்பியிருந்தது. காலண்டர் தாளைச் சொருகினால் பாதி உள்ளே போனது.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, வாய் பொளந்துக்கிச்சா?"

"ஆமாம்பா. ஜோலார்பேட்டைல ஒருத்தர் இருக்காரு, ரயில்வேல வேலை. லீவு நாள்ல கிட்டார் ரிப்பேர் பண்ணுவாரு. ஞாயித்துக்கெழமை எடுத்துக்கினு போவணும்."

"ஒட்டறதுக்கு ஜோலார்பேட்டை போவணுமா? இருவத்திரண்டு வருசமா நான் இன்னாத்தப் பண்ணிக்கினு இருந்தேன்?"

நான் சிரித்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கிட்டார் கட்டிலில் படுத்திருந்தது. அதன் வயிற்றைச் சுற்றிச் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார். பக்கத்தில் செய்தித்தாள் விரித்து, தந்தியைப் பிடிக்கிற ஆறு ஆணிகளையும் எந்த வரிசையில் எடுத்தாரோ அந்த வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தார். ஆறு தந்திகளையும் தனித்தனியாகச் சுருட்டி, அம்மாவின் தையல் நூலால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்று முடிச்சுப் போட்டிருந்தார். வீடெங்கும் சொல்யூஷன் வாசனை.

"பாதி கிளம்பினதை அப்படியே ஒட்டக் கூடாது" என்றார். "முழுசாப் பிரிச்சுட்டுத்தான் ஒட்டணும். கத்தி உள்ள விட்டு எடுத்துட்டேன். ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரன்னு பண்ணி, ரெண்டு கோட்டு சொல்யூஷன். விரல்ல ஒட்டாத அளவுக்குக் காய வெச்சு, அம்மாவோட இஸ்திரிப் பொட்டியால சூடு காட்டி, ஒட்டி, சுத்தியலால ஓரத்தைத் தட்டினேன்."

"டம் டம்முன்னு தெருவுக்கே கேட்டுச்சு" என்றாள் அம்மா. "கொட்டு அடிக்கறாங்கன்னு எதிர் வீட்டம்மா எட்டிப் பாத்துச்சு."

ஷூவுக்கு அது ஒவ்வொன்றும் சரி. ஒரு படி விடாமல் செய்திருந்தார். மரத்துக்கு ஒவ்வொன்றும் தப்பு. அந்த மெல்லிய பலகையை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. எனக்கு அது அப்போதே தெரியும், இதைப் பற்றி எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப்பர்ப்பா" என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தந்தி மாட்டினேன். நின்றது. ட்யூனரில் ஆறும் பச்சை காட்டின. மறுநாள் சாயங்காலம் எடுத்தால் ஆறும் இறங்கியிருந்தன. திரும்ப ஏற்றினேன். அதற்கு மறுநாளும் அப்படியே. சொல்யூஷன் கிளம்பவில்லை, விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. தந்திகள் இழுக்கிற பக்கமாகக் கட்டை நகர்ந்து வந்தது, ஒரு நாளைக்கு அரை மில்லி இருக்கும். பின்னால் ஒரு கோடு தெரிய ஆரம்பித்தது, முதலில் நூல் மாதிரி, பிறகு அகலமாக. தந்தியைத் தளர்த்தி வைத்திருந்தால் நகர்வது நின்றிருக்கும். ஆனால் தளர்ந்த தந்தியைப் பார்த்தால் அப்பா ஏன் என்று கேட்பார். அதனால் ஏற்றிக்கொண்டே இருந்தேன். கிட்டார் போகிறது என்று தெரிந்தே ஏற்றினேன். ஆறு வருடம் அதன் மேல் தூசி படாமல் துடைத்தவன். அது போவதைப் பார்த்துக்கொண்டு, பொருந்தாத சுருதியில், எனக்குத் தெரிந்த நான்கு பாட்டில் ஒன்றை வாசிப்பேன். அப்பா கட்டிலிலிருந்து கேட்பார்.

"எப்படி? நிக்குதா?"

"நிக்குதுப்பா."

ஒன்பது நாள் இப்படிப் போனது.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அம்மா தையலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் பாய் வந்தார். அப்பாவின் லைனில் அவருக்கு எதிர் டேபிளில் நின்றவர். அவருக்கும் அதே திங்கட்கிழமை, அதே கவர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரைச் சித்தப்பா முறையில் சாச்சா என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னா தோஸ்த்" என்றார் வாசலிலேயே, "உன் பேட்டாவோட சாமானுக்குச் சோல் மாத்திட்டியாமே. பேர்ணாம்பட்டு வரைக்கும் நியூஸ் வந்துடுச்சு."

"உக்காரு பாய். பாத்துட்டுப் பேசு."

"இந்த வீட்ல இவரு ஒட்டாதது என் வாய் ஒண்ணுதான் பாய்" என்றாள் அம்மா. "அதுக்கும் நாள் பாத்துக்கினு இருக்காரு."

"அதுக்கு டப்பா பத்தாது தங்கச்சி. ட்ரம்மோட இறக்கணும்."

அப்பா கிட்டாரை ஆணியிலிருந்து எடுத்து அவரே என் கையில் கொடுத்தார். "வாசிடா, கேக்கட்டும்." பாய் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணைப் பாடச் சொல்வதுபோல இருக்கிறது என்றார். நான் ட்யூனரை மாட்டினேன். ஏற்றினேன். வாசிக்க ஆரம்பித்து நான்கு வரி தாண்டுவதற்குள் மேல் தந்தி இறங்கிவிட்டது. நிறுத்தி ஏற்றினேன். திரும்ப ஆரம்பித்தேன். பாய் என் விரலைப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடம் ஒட்டினவர், ஒட்டின இடத்தைத்தான் பார்த்தார். கையை நீட்டிக் கட்டையின் பின்னால் கட்டைவிரலை வைத்தார்.

"தோஸ்த், இது நவுந்துருக்கே."

"எது?"

"கட்டை. இங்க பாரு, ஒட்டின தடம் பின்னாடி தனியா நிக்குது."

"அது நான் மார்க் பண்ண கோடு."

"மார்க்கா? நாலு மில்லி இருக்கும்பா."

அப்பா கிட்டாரை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். அந்தக் கோட்டை நகத்தால் தேய்த்தார். நகத்தில் சொல்யூஷன் சிறு உருண்டையாகச் சுருண்டு வந்தது. அதை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். கட்டையின் மேல் காதை வைத்தார், ஏன் என்று தெரியவில்லை. அம்மா ஊசியை நிறுத்திவிட்டாள்.

"ஷூவுக்கு நடக்கும்போதுதான் லோடு" என்றார் அப்பா கடைசியில். பாயைப் பார்த்துத்தான் சொன்னார். "வீட்டுக்கு வந்தா கழட்டிப் போட்டுடறோம். இது ராவும் பகலும் இழுத்துக்கினே இருக்குது. ஒரே பக்கம். இந்த லோடு நம்ம சொல்யூஷன் பாத்ததில்ல."

"அதேதான். உன் கை மேல தப்பு இல்ல, சரக்கு வேற." பாய் எழுந்துகொண்டார். "பேஜார் பண்ணிக்காத தோஸ்த். நானா இருந்தாலும் இதான் பண்ணியிருப்பேன்." தேநீர் வேண்டாம், அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சாயங்காலத் தொழுகைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

அவர் தெருமுனை திரும்புகிற வரை அப்பா வாசலில் நின்றார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தினி நாளா தெரியும்?"

"ஒம்பது நாளா."

"தந்தி மாட்டின மறுநாளே?"

"ஆமாம்பா."

"தெனம் கேட்டேனேடா. நிக்குதா நிக்குதான்னு."

நான் கையிலிருந்த பிக்கைச் சட்டைப் பையில் போட்டேன்.

"லைன்ல ஒரு ஜோடி வாய் பொளந்துச்சுன்னா கை தூக்கணும். அங்கியே, அப்பவே. தூக்காம அடுத்தவனுக்குத் தள்ளி விட்டா பெட்டி மொத்தமும் போவும். தப்பா ஒட்டினவனை யாரும் திட்ட மாட்டாங்க. பாத்துட்டுத் தள்ளி விட்டவனைத்தான் திட்டுவாங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் தாங்க மாட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா" என்றேன். அது உண்மைதான்.

"அந்த லிஸ்ட்டும் உனக்கு முன்னாடியே தெரியுமில்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது புதிது.

"தெரியும்பா."

"எனக்கும் தெரியும், உனக்குத் தெரியும்னு. வெக்கையா இருக்குதுன்னு போய் இன்ஜின் மேல ஒக்காந்தியே, அப்பவே தெரியும். நீயே சொல்லுவன்னு இருந்தேன். பஸ்ல அந்தக் கவரைக் குடுத்தேன் பாரு, அப்பவாவது சொல்லுவன்னு பாத்தேன். நீ புதுசாப் படிக்கற மாதிரி படிச்ச."

அவர் அழவில்லை, நானும் அழவில்லை. அவர் கிட்டாரின் தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று ஒரு தடவை மட்டும் கேட்டார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வெட்கம் என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் மூன்றாம் தந்தியை மற்றவற்றைவிட ஒரு சுற்று அதிகமாகத் தளர்த்திவிட்டதை.

அடுத்த ஞாயிறு இருவரும் ஆம்பூர் வந்து ரயில் ஏறி ஜோலார்பேட்டை போனோம். கிட்டார்ப் பையை அப்பாதான் தோளில் மாட்டியிருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் வராந்தாவில் ஒரு நீளமான மேஜை போட்டு அந்த அண்ணன் வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் குரூப்பில் இருப்பவர்தான், ஆனால் அதில் ஒரு தடவைகூட நெருப்புப் பொம்மை போட்டதில்லை. கிட்டாரை வெளியே எடுத்துப் பிரிட்ஜைப் பார்த்ததும் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார்.

"யாரு வேலை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "நான்தான் சார். ஷூ லைன்ல ஒட்டறவன்."

"அதான் பாத்தேன். உங்க பக்கத்துலருந்து வர்ற கிட்டார் பாதி இந்த வாசனையோடதான் வருது. ஆனா இவ்ளோ நீட்டா யாரும் ஒட்டினதில்லை." அவர் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. பிறகு தந்தியைத் தொட்டுப் பார்த்தார். "பதின்மூணா? இந்தப் பொட்டிக்கு எவன் போடச் சொன்னான்?"

"நான்தாண்ணா போட்டேன்."

"எதுக்கு?"

"சத்தம் நல்லா இருக்கும்னு."

"இருந்திருக்கும், ரெண்டு வாரம்." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு தட்டைக் கத்தியை அடுப்பில் காட்டினார்.

கட்டைக்கு அடியில் கத்தியை விட்டதும் அது எதிர்க்கவே இல்லை. சொல்யூஷன் நூல் நூலாக நீண்டு அறுந்தது. அடியில் பலகை கருத்து, ஈரம் பட்டது மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் நாராகப் பிய்ந்திருந்தது, அப்பா முதலில் கத்தியை விட்ட இடம். அப்பா குனிந்து அதைப் பார்த்தார்.

"இதுக்கு நீங்க இன்னா போடுவீங்க சார்?"

"மரத்துக்குன்னே பசை இருக்கு. காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும், நவுராது."

"எவ்ளோ நேரம் காயணும்?"

"ஒரு நாள் முழுக்க. கிளாம்ப் போட்டு இறுக்கி."

"எங்களுக்குப் பத்து நிமிஷம்."

"உங்களுக்கு அடுத்த ஜோடி வந்துடுமில்ல."

அப்பா தலையாட்டினார். அண்ணன் கத்தியைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "மரம் சொல்யூஷனைக் குடிச்சிருக்கு. சுரண்டணும். சுரண்டினா பலகை மெலியும். உள்ள ஒரு சின்ன மரப் பட்டி குடுத்து ஒட்டிப் பாக்கறேன். நிக்கும்னு எழுதிக் குடுக்க மாட்டேன். நின்னாலும் பழைய சத்தம் வராது. பரவால்லன்னா விட்டுட்டுப் போங்க." என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பரவாயில்லை என்றேன். சொல்லும்போது எதுவும் தோன்றவில்லை. வெளியே வந்து ஸ்டேஷன் பக்கம் நடக்கும்போதுதான், இனி அது அந்த மாதிரி கேட்காது என்பது ஒரு தகவலாக மனதில் வந்தது, நாளைக்கு லீவு என்பது மாதிரி.

பிளாட்பாரத்தில் பாசஞ்சருக்குக் காத்திருந்தோம். எதிரில் ஏலகிரி மலை வெயிலில் வெளுத்துப்போய் நின்றது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தில் இன்னும் ஒட்டியிருந்த எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்கு முந்தின நாள் இன்னொரு மெயில் வந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இந்தத் தடவையும் எதையாவது ஆர்டர் போடுவதற்குப் போனைத் திறந்து, எதைத் தேடுவது என்று தெரியாமல் மூடியிருந்தேன்.

"அப்பா, ஆபீஸ் ஸ்டாஃபையும் குறைக்கறாங்க."

நகத்தைச் சுரண்டுவது நின்றது.

"எத்தினி பேரு?"

"ஒம்பது."

"நீ?"

"ஏழாவது பேரு."

"எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தே சொல்லியிருக்கணும்."

"ஆமாம்பா."

பாசஞ்சர் வருவதாக அறிவித்தார்கள். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார். ரயிலில் வாணியம்பாடி வரை நின்றுகொண்டே வந்தோம், அப்புறம் இடம் கிடைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா என்று தெரியாது. ஆம்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, ஊர் வந்து சேர்ந்தபோது மணி நான்கு.

அம்மா வாசலில் மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கடகடவென்று, மூச்சு விடாமல். அவள் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணும் வெளங்கல" என்றாள். "ஒக்காந்து மொதல்லருந்து சொல்லு."

உட்கார்ந்து, அப்பாவின் நம்பர் வந்த அந்த வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பித்தேன்.